மலையேறக் கூடாத வீடுகள்

மலை மேலே தடுப்பூசி முகாம் வைக்கலாம் என்று சொன்னது யோகலட்சுமிதான். வேறு யாரையும் நோவதற்கில்லை.

போன வாரக் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடமெல்லாம் காய்ச்சல் வார்டாகிவிட்டது. கல்யாண மண்டபங்களுக்கும் அதே கதி. கிராம சுகாதார நர்ஸான யோகலட்சுமி பெரிய புத்திசாலி மாதிரி வாயைத் திறந்தாள். "மேல பக்தருங்க தங்குற மண்டபம் காலியாத்தான் இருக்குது சார். நல்லா காத்து வரும், கூட்டம் தாங்கும், பஸ்ஸும் போவுது." டாக்டர் விஜயன் வெளியூர்க்காரர். அருமையான யோசனை சிஸ்டர் என்று குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது.

இப்போது அந்த மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. மொத்த வட்டாரத்துக்கும் ஒரே ஒரு பெட்டி தடுப்பு மருந்துதான் வந்திருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டால் மேலிடத்தைக் கை காட்டினார்கள். மேலிடம் அதற்கும் மேலே கை காட்டியது. காய்ச்சலுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. நேற்று சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவன் இன்று மூச்சுக்குத் தவிக்கிறான். பிள்ளைத்தாச்சிப் பெண்களைப் பிடித்தால் விடுவதே இல்லை. அதனால் முதல் டோக்கன் அவர்களுக்கு.

அதில் ஒன்று சினேகாவுடையது. நிறைமாதக்காரி. தறிக்காரர் தெருவில் யோகலட்சுமிக்கு எதிர்வீடு. அவள் மாமனார் ராஜகோபால் இதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இன்னும் காரியம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் இருமல். இன்றைக்கு அவளுக்கு ஊசி விழுந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. யோகலட்சுமி காலையிலிருந்து வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், கடைசியில் போன் போட்டாள்.

"எங்கடி இருக்கே? உன் டோக்கனைக் கூப்ட்டு எவ்ளோ நேரமாச்சு!"

"அடிவாரத்துலதான்க்கா ஒக்காந்துகினு இருக்கோம். நீ எப்போ கீழ வருவே?"

"நான் எதுக்குடி கீழ வரணும்? நீ மேல வா."



"இன்னாக்கா பேசுறே? எங்க மாமா செத்துட்டாருல்ல. வருஷம் திரும்பறதுக்குள்ள நாங்க மலை ஏறலாமா?"

யோகலட்சுமி படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலையேற மாட்டார்கள். திருத்தணியில் இது பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு அது எப்படி மறந்துபோயிற்று? காற்றையும் இடத்தையும் யோசித்தவள் அது முருகன் மலை என்பதை யோசிக்கவில்லை. எந்த வீட்டிலெல்லாம் காய்ச்சல் ஆளை அடித்ததோ, அந்த வீடுகள் அத்தனையும் கீழே உட்கார்ந்திருந்தன. மருந்து மேலே இருந்தது.

விஜயனிடம் ஓடினாள். "ஒரே ஒரு பாட்டில் கீழ எடுத்துகினு போறேன் சார். சாவு வூட்டுக்காரங்க எல்லாம் அங்க ஒக்காந்துகினு இருக்காங்க."

"இந்தக் கூட்டத்தைத் தாண்டியா? மருந்து வெளியே போகுதுன்னு தெரிஞ்சா நம்மளைப் பிச்சுப் போட்டுடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசி பாட்டில் சிஸ்டர். திறந்தா அப்பவே தீர்ந்துடும். முடிஞ்ச வரைக்கும் திறக்காம வைக்கிறேன். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

ஆட்டோ பிடித்து இறங்கினாள். அடிவாரத்தில் மரத்தடி முழுக்க ஜனம். கருமாதிக்கு மொட்டையடித்த தலைகள், பொட்டில்லாத நெற்றிகள். அவளைக் கண்டதும் எல்லோரும் பரபரவென்று எழுந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார்கள். ஊசி வந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள், பாவிகள். அவளுக்கு அழுகை முட்டியது.

"ஊசி மேலதான் இருக்குது. புள்ளத்தாச்சி முதல்ல. எழுந்திரு சினேகா!"

சினேகாவின் மாமியார் ஞானம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "எங்க வூட்ல ஒரு உசுரு போனது பத்தலியா? தீட்டோட மலை ஏறி, வயித்துல இருக்கிறதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"அது மண்டபந்தான் பெரிம்மா. கோயிலு இல்ல."

"மண்டபம் எங்க கீது? மலை மேலதானே? உங்க நைனா செத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நீ ஏறினியா? சொல்லுடி."

யோகலட்சுமி ஏறவில்லை. மேலே டியூட்டி போட்டபோதுகூடக் கெஞ்சிக் கூத்தாடி வேறு ஆளை அனுப்பியவள் அவள்.

"ஏறல பெரிம்மா. ஆனா இப்போ சொல்றேன், அனுப்பு. உன் கால்ல வுழறேன்." நடுரோட்டில் விழுந்தே விட்டாள்.

சினேகாவின் புருஷன் ஹரிஹரன் முன்னால் வந்தான். சட்டென்று பெண்டாட்டியின் கையைப் பிடித்தான். "நைனாவைத்தான் காப்பாத்த முடியலம்மா. பாவம்னா அது என் தலையில வுழட்டும்." சினேகா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஞானம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மேலே மேஜைமேல் காலி பாட்டில் இருந்தது.

"கைக்குழந்தையைத் தூக்கி மேஜை மேலயே வெச்சுட்டாங்க சிஸ்டர்" என்றார் விஜயன். "நெஞ்சு நோயாளிங்க கத்துறாங்க. திறந்துட்டேன். தீர்ந்துபோச்சு."

வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்றுதான் வந்தது. அந்த ஆள் காலி பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்ப்பதைக் கண்டதும் யோகலட்சுமிக்கு அதுவும் முடியவில்லை. ஹரிஹரன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். சினேகாதான் அழவில்லை.

"அத்தைகிட்ட போட்டாச்சுன்னு சொல்லிடுக்கா. சும்மா ஏறி எறங்கினோம்னு தெரிஞ்சா அந்த பயத்துலயே போயிடுவாங்க."

யோகலட்சுமி ஒரு பஞ்சை எடுத்து அவள் கையில் வைத்து ஒட்டினாள்.

அடிவாரத்தில் சினேகா ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஞானம்மாள் அந்தப் பஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "முருகா! என் வயித்துல பாலை வார்த்தேப்பா!"

அந்த வார்த்தை மரத்தடி முழுக்கப் பரவியது. மொட்டைத்தலையோடு இருந்த வேதாசலம் முதலில் எழுந்தார். போன மாதம் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். "அந்தப் புள்ளையே ஏறிட்டு வந்துடுச்சு. நமக்கு இன்னா? வாங்கய்யா." மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் பின்னாலே ஒவ்வொருவராக எழுந்தார்கள். மன்னிச்சுக்கோ சாமி, மன்னிச்சுக்கோ என்று புலம்பிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

யோகலட்சுமி சினேகாவைப் பார்த்தாள். சொல்லாதே என்று சினேகா தலையாட்டினாள். வேதாசலம் முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

"ஏறாதீங்க!" ஓடிப்போய்க் கைகளை விரித்து வழியை மறித்தாள். "யாரும் ஏறாதீங்க. மேல மருந்து இல்ல."

"எப்போ தீந்துச்சு?" என்றாள் ஞானம்மாள்.

யோகலட்சுமி விரித்த கைகளைக் கீழே போட்டாள். "நாங்க போறதுக்கு முன்னாடியே."

வேதாசலம் காலை எடுத்துக்கொண்டார். ஞானம்மாள் மருமகளின் கையிலிருந்த பஞ்சைப் பிய்த்து எறிந்தாள். கண்ணைக் கிட்டக் கொண்டுபோய், ஊசி குத்திய இடத்தைத் தேடித் தோளை விரலால் தடவினாள். பிறகு இன்னொரு கையையும் திருப்பிப் பார்த்தாள்.