பந்து விழட்டும்

விடிந்தும் விடியாததுமாக ஆஸ்பத்திரியிலிருந்து மைத்துனி போன் செய்தாள்.

"அக்கா போயிட்டா மாமா. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குக் கொண்டு வந்துடுவோம். அதுக்குள்ள பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

லிப்ட் மெக்கானிக் "சரிம்மா" என்றார். போனை வைத்துவிட்டுப் பல் தேய்த்தார். அழுகை வருமென்று கொஞ்ச நேரம் குழாயடியில் நின்று பார்த்தார். வரவில்லை. தலைக்கு வைத்துப் படுத்த கை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

அதற்குள் பிள்ளைகள் உடுத்திக்கொண்டு வாசலில் நின்றன. பின்பால் மியூசியத்துக்குக் கூட்டிப்போவதாகப் போன வாரமே வாக்குக் கொடுத்திருந்தார். வேறொருவராக இருந்தால் இரண்டையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லியிருப்பார். இவர் செருப்பைத் தேடினார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று "பயப்படாதீங்க, இதோ ஆச்சு" என்று சொல்லியே பழகிய வாய். உள்ளதை உள்ளபடி சொல்ல அதற்கு எங்கே வரும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்பட்டார் மனுஷன்.

மியூசியத்தில் எதையும் தொட்டு ஆடலாம். நீளமான கூடம், சுவரோரம் வரிசையாகப் பழைய மெஷின்கள், காதைக் கிழிக்கும் மணிச்சத்தம். சாய்ந்த பலகையில் உருண்டு வரும் இரும்புப் பந்தைக் கீழே குழியில் விழவிடாமல் இரண்டு சின்ன மட்டைகளால் மேலே தட்டிவிட வேண்டும். பட்டனை அமுக்கினால் மட்டை எழும். அவ்வளவுதான் ஆட்டம். சின்னவன், ஆறு வயது வாலு, ஸ்டூல்மேல் ஏறி இரண்டு பட்டனையும் ஒரே சமயத்தில் குத்திக் குத்திப் பந்தைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, அம்மா வந்ததும் இங்க கூட்டிட்டு வரலாமா?"

"ம்."



பெரியவள் காலையிலிருந்து அதிகம் பேசவில்லை. மூலையிலிருந்த மெஷினில் ஏனோதானோவென்று ஆடிக்கொண்டிருந்தாள். இனியும் ஆறப்போட்டால் ஆகாது, முதலில் இவளிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் நின்றார்.

"இது கடைசிப் பந்தா?"

"ஆமாப்பா."

"சரி, இது விழட்டும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் தலையாட்டினாள். பிறகு ஆடினாள் பாருங்கள் ஒரு ஆட்டம்! பந்தைக் கீழே இறங்கவே விடவில்லை. கடைசியில், உருண்டு வந்த பந்தைத் தூக்கிய மட்டையின் மடியில் அப்படியே நிறுத்திவிட்டாள். பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. மட்டையும் இறங்கவில்லை, பந்தும் அசையவில்லை. பின்னால் நாலைந்து பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்கள்.

மியூசியத்துக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, பந்தை அடைகாக்கிறியா? ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

பெரியவள் திரும்பவில்லை. விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

"விடும்மா, கை வலிக்கும்."

"விட்டா சொல்லிடுவீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சித்தி போன்ல அழுதது எனக்குக் கேட்டுச்சுப்பா" என்றாள், பந்தைப் பார்த்துக்கொண்டே. "தம்பிக்குத் தெரியாது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் ஆடட்டும்."

பயப்படாதே, இதோ ஆச்சு என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார். குனிந்து, அவள் விரல்மேல் தன் விரலை வைத்தார். அது சில்லென்றிருந்தது. காலையிலிருந்து அவருக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான். உறைத்ததும் நெஞ்சு வலித்தது, தாங்க முடியாத வலி.

"நீ கையை எடுத்துக்கோம்மா. அப்பா பிடிச்சுக்கிறேன்."

அவள் விரலை உருவிக்கொண்டு அவர் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். அவர் பட்டனை அமுக்கியபடியே அந்தக் கூடத்துச் சத்தத்துக்கு மேல் சின்னவனைக் கூப்பிட்டார். அவன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் விரலை எடுத்தார்.