வெறும் காற்றுக்கு முப்பத்தாறு

படகில் ஏறுவதற்கு முன் மேஸ்திரி ஒரே ஒரு கேள்வி கேட்பார். "முப்பத்தாறா?" என்பார். மீன் பண்ணையில் கடலடி வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இடக்கையை உயர்த்தி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, "முப்பத்தாறு" என்பார்கள். வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கும் பள்ளிப் பிள்ளையிடம்கூட அதைவிட உயிர் இருக்கும்.

மணிக்கட்டில் இருப்பது டைவ் கம்ப்யூட்டர். அவர்கள் அதை வாட்ச் என்பார்கள். எவ்வளவு ஆழம், உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் அதற்கு மூக்கு இல்லை. முதுகில் சுமக்கும் சிலிண்டருக்குள் இருப்பது என்ன என்பதை மனிதன்தான் அதற்குச் சொல்ல வேண்டும். சாதாரணக் காற்று என்றால் இருபத்தொன்று. நூற்றில் அவ்வளவு பங்கு ஆக்சிஜன். ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த நைட்ராக்ஸ் என்றால் முப்பத்திரண்டு, முப்பத்தாறு. நைட்ரஜன் குறைந்தால் நேரம் கூடும். ஆகவே முப்பத்தாறு என்று வைத்தால் வாட்ச் தாராளமாகிவிடும். இருபத்தொன்று என்றால் கறாராகிவிடும்.

இரவானால் அந்தக் கருவி தானாகவே இருபத்தொன்றுக்குத் திரும்பிவிடும். மறந்தவன் சாகக் கூடாது என்று நினைத்த யாரோ ஒருவர் அதை அப்படிச் செய்திருந்தார். ஒவ்வோர் இரவும் கருவி உண்மைக்குத் திரும்பும். ஒவ்வொரு காலையும் மனிதர்கள் அதைப் பொய்க்குத் திருப்புவார்கள்.

ஏனென்றால் சிலிண்டரில் இருந்தது வெறும் காற்று. ஆக்சிஜன் லாரி வருவது நின்று ஒரு மழைக்காலமே போய்விட்டது. அடுத்த வாரம் வரும் என்றது நிர்வாகம். அந்த அடுத்த வாரத்துக்குக் கிழமைகளே இல்லை. வாயுக்களைக் கலக்கும் இயந்திரம் கொட்டகை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. சிலிண்டர்களின் மேல் மட்டும் பச்சையும் மஞ்சளுமான நைட்ராக்ஸ் பட்டை பழையபடி பளிச்சென்று இருந்தது. யாரை ஏமாற்ற அந்தப் பட்டை? முதலாளிக்குத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியும். சுமப்பவர்களுக்கும் தெரியும். தெரியாதது வாட்சுக்கு மட்டும். ஊரறிந்த பொய்யை ஒரு கருவியிடம் மட்டும் மறைத்து, அந்தக் கருவி தலையசைத்தது என்று காட்டியே பண்ணை நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண். அவளுடைய கொழுந்தனும் அதே வேலையில் இருந்தான். அவன் கூப்பிடும் முறையே எல்லோருக்கும் முறையாகி, தன்னைவிட மூத்த மேஸ்திரிக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கணவன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். வீட்டுக்கு அவன் வந்து போவது விருந்தாளி வந்து போவது போலத்தான்.

அண்ணியும் கொழுந்தனும் ஒரு சோடி. வலைக்கூண்டின் அடிவரை இறங்கி, செத்து வலையில் படிந்த மீன்களைப் பையில் அள்ள வேண்டும். கிழிந்த கண்ணிகளைத் தைக்க வேண்டும். சோடிக்கு ஒரு சட்டம் உண்டு. யாருடைய வாட்ச் முதலில் கூவினாலும் இருவரும் சேர்ந்தே மேலே ஏற வேண்டும். எல்லா வாட்சும் முப்பத்தாறில் இருந்ததால் எந்த வாட்சும் கூவுவதில்லை. சட்டம் இருந்தது, அதற்கு வேலை இல்லை.

வீடு திரும்பினால் கொழுந்தன் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவான். வாயும் வயிறுமாக இருந்த அவன் மனைவி, கடல் உங்க கொழுந்தனுக்குத் தாலாட்டுப் பாடி அனுப்புது அக்கா என்று சிரிப்பாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. உழைத்த களைப்பு உறங்கினால் தீரும். இவன் உறங்கி எழுந்த பின்னும் உறங்காதவன் போலவே நடந்தான். அவளுக்கும் அதே களைப்பு எலும்புக்குள் இருந்தது; ஆனால் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட முடிந்தது. ஒரு நாள் மாலை அவனால் முடியவில்லை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே பொத்தானோடு மல்லுக்கட்டியவனை அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். நைட்ரஜன் குமிழாகிக் குருதியில் நின்றால் முதலில் களைப்பாக வரும், அப்புறம் மூட்டில் வலியாக வரும், அப்புறம் கை கால் பேச்சுக் கேட்காது என்று பயிற்சியில் படித்தவள் அவள், அவனும்தான்.

"டாக்டர்கிட்ட போவோம் தம்பி."

"போனா என்ன சொல்வாரு? தண்ணில இறங்காதேம்பாரு. அப்புறம் யாரு இறங்குறது, வயித்துல இருக்கிறதா?"

அதற்கு மேல் வாதாட அவளிடம் தெம்பு இல்லை. தெம்பு இருந்தாலும் அவன் கேட்கப்போவதில்லை என்பது தெரிந்தது. பேச்சால் தடுக்க முடியாதவனைச் சட்டத்தால்தான் தடுக்க வேண்டும் என்று நினைத்தபடியே படுத்தாள்.

மறுநாள் காலை எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவள் கை உயரவில்லை.

"என்ன அண்ணி, உங்க வாட்ச் இன்னும் தூங்கி எந்திரிக்கலையா?" என்றார் மேஸ்திரி.

"எந்திரிச்சிருச்சு சார். இருபத்தொண்ணுன்னு சொல்லுது."

சிலர் சிரித்தார்கள். ஒருவன், அதுக்கு வேலைக்குப் புதுசு போல, பழகிடும் என்றான். மேஸ்திரி சிரிக்கவில்லை. பண்ணையில் அவருக்கு அவசரம் என்று பெயர்; எதையும் அந்தச் சொல்லோடுதான் தொடங்குவார். அன்று அவசரப்படவில்லை. அருகில் வந்து தணிந்த குரலில், ஒரு வாட்ச் கறாரா இருந்தா சோடியே பாதில ஏறி வரும், ஒரு சோடி ஏறினா மத்த சோடிங்க என்ன நினைப்பாங்க என்று கேட்டார். என்ன நினைக்க வேண்டுமோ அதை நினைப்பார்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சிலிண்டரைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். கொழுந்தன் படகு போய்ச் சேரும் வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் ஒரு முறை இறங்கி ஏறினார்கள். இரண்டாம் முறை இறங்கியபோதுதான், வலையின் அடியில், பை பாதிகூட நிரம்பாத நேரத்தில், அவள் வாட்ச் கூவியது. பெருவிரலை மேலே காட்டினாள். அவன் தன் மணிக்கட்டை அவள் மணிக்கட்டோடு சேர்த்துக் காட்டினான். ஒரே ஆழம், ஒரே காற்று, ஒரே நேரம். அவன் வாட்ச் பச்சை காட்டி இன்னும் நெடுநேரம் இரு என்றது. அவள் வாட்ச் போ என்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் இருந்த இரண்டு கருவிகளில் ஒன்றுக்கு மட்டும் பொய் ஊட்டினால் வேறு என்ன நடக்கும்?

அவன் தலையை அசைத்துவிட்டுச் செத்த மீன்களிடமே திரும்பினான். அவளால் ஏறவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஏறினால் தனியே விட்ட பழி. இருந்தால் இருவருக்கும் ஏறும் நஞ்சு. வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் மேலே போய் நின்றாள். மறுபடியும் பெருவிரலைக் காட்டினாள். அவன் பார்க்கவில்லை. பையை இடக்கையால் தூக்கினான். கை தானாகவே திறந்துகொண்டது. பை சரிந்தது, வெள்ளை வயிறுகள் நாலாபக்கமும் உருண்டன. அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கயிற்றைப் பற்றினான்.

பாதி உயரத்தில் அவள் வாட்ச் நில் என்று சொன்ன இடத்தில் நின்றார்கள். உடம்பில் ஏறிய நைட்ரஜன் மெல்ல வெளியேற, அது சொன்ன நேரமெல்லாம் நின்றார்கள். படகில் ஏறியதும் அவன் முகமூடியைக் கழற்றினான்.

"உங்களுக்காக வரல அண்ணி. கை வரல."

அவள் முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். இப்படிப்பட்டவனுக்கு முதல் மருந்து சுத்த ஆக்சிஜன். பெட்டியில் குழாய் இருந்தது, முகத்தில் வைக்கும் மூடி இருந்தது, ஆக்சிஜன் குப்பியும் இருந்தது. குப்பியின் முள் பூச்சியத்தில் படுத்திருந்தது. கலக்க ஆக்சிஜன் இல்லாத பண்ணையில் காப்பாற்ற மட்டும் ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? இல்லாமை ஒன்றுதான், அது இரண்டு இடத்தில் வெளிப்பட்டது.

மேஸ்திரி அது தசைப்பிடிப்பு என்றார். அவன் வாட்சைப் பாருங்க, எல்லாம் சரியா இருக்கு என்றார். அவள் ஆம்புலன்ஸுக்குப் பேசி முடிக்கும் வரை அதையே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கரை சேர்ந்ததும் தாமும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மருத்துவமனையில் டாக்டர் அம்மாள் கொழுந்தனின் வாட்சைக் கழற்றி, பொத்தான்களை அழுத்தி, காலையிலிருந்து நடந்தது முழுவதையும் படித்தார். அவர் முகத்திலும் நெடுநேரம் நின்று வேலை பார்த்த சோர்வு இருந்தது.

"இதுப்படி பார்த்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாதே. சிலிண்டர்ல முப்பத்தாறுதானே இருந்துச்சு?"

"முப்பத்தாறுதாங்க டாக்டர்," என்றார் பின்னால் நின்ற மேஸ்திரி. யோசித்துச் சொன்ன பொய்யல்ல அது. காலைதோறும் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிய விடை.

அண்ணி இல்லை என்றாள். காற்றுதான் என்றாள். டாக்டர் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் கிடந்தவனிடம் குனிந்தார். முப்பத்தாறு என்றால் இது தோள் சுளுக்காக இருக்கலாம், தைலம் தந்து அனுப்பலாம். காற்று என்றால் இப்போதே குமிழைக் கரைக்கும் அழுத்த அறையில் ஏற்ற வேண்டும், அப்புறம் கடலில் இறங்க விடுவோமா என்பது சந்தேகம் என்றார்.

"உங்க உடம்பு. நீங்க சொல்லுங்க."

அவன் கூரையைப் பார்த்தான். முப்பத்தாறு என்று ஒரு சொல் சொன்னால் வேலை இருக்கும்; கை இருக்குமோ இருக்காதோ. காற்று என்றால் கை பிழைக்கலாம், வேலை பிழைக்காது. உழைப்பவனை இப்படி ஒரு தராசில் ஏற்றி, இரண்டு தட்டிலும் அவனையே வைத்து நிறுக்கச் சொல்வதற்குப் பெயர்தான் இங்கே பிழைப்பு. மேஸ்திரி தரையைப் பார்த்தார். அண்ணி எதையும் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தாள்.

"காத்து டாக்டர்," என்றான் அவன். "வெறும் காத்து. எனக்கு மட்டும் இல்ல. பண்ணையில எல்லாருக்கும் காத்துதான்."

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேஸ்திரி நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் இதை மேலே எழுதி அனுப்பிவிடுவார், நாளையிலிருந்து எல்லோரும் வீட்டில்தான், நானும் சேர்த்து என்றார். குரலில் கோபம் இல்லை.

"தெரியும் சார்," என்றாள் அண்ணி.

"நானும் கீழ இறங்குறவன்தானே. எனக்கும் ரொம்ப நாளா வலது முட்டி வலிக்குது அண்ணி. வயசுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள் என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. அண்ணி கொழுந்தன் மனைவிக்குப் போன் செய்து, கை மரத்துப்போனதையும் வைத்தியம் நடப்பதையும் இருப்பது போலவே சொன்னாள். பிறகு, வேலை போய்விட்டதையும் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து, நான் வரேன் அக்கா என்று மட்டும் வந்தது.

அழுத்த அறை இரும்பு உருளை போலிருந்தது. பக்கத்தில் கனமான கண்ணாடி பதித்த சிறு வட்டச் சன்னல். அண்ணி அதில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். உள்ளே கொழுந்தன் ஆக்சிஜன் மூடியோடு மல்லாந்து கிடந்தான். தூங்கவில்லை. இடக்கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை.