முதுகுத் தழும்பை முழங்காலுக்கு மாற்றிய கதை

1

என் தம்பி குனியாததிலிருந்து தொடங்கியது இந்தக் கதை.

அவன் பயணிகள் விமானம் ஓட்டுகிறவன். ஒரு மாதம் விடுமுறை என்று எங்கோ போய்விட்டு வந்து, மறுபடி வேலைக்கும் போகத் தொடங்கியவன், என்னைப் பார்க்க வந்தான். வாசலில் கார் சாவி கை நழுவி விழுந்தது. சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அதைக் காலால் சுவரோரம் தள்ளி, சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்கி எடுத்தான்.

"என்னடா, சாவிக்கு இவ்வளவு மரியாதை?" என்றேன்.

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

[முதலில் வேறு மாதிரி தொடங்கினேன்: 'மேகங்களைக் கிழித்துக்கொண்டு இறங்கிய விமானத்தின் சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டபோது, கேப்டனின் நெற்றியில்—' அடித்துவிட்டேன். விமானி அறைக்குள் நான் தலையைக்கூட நீட்டியதில்லை. அவர்கள் நெற்றியில் என்ன இருக்கும் என்று எனக்கெப்படித் தெரியும்?]

2

மேல் தட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையைத் தூக்கினான். சட்டை ஏறியது. இடுப்புக்குச் சற்று மேலே, எலும்புக்கு நேராக, புதிதாக ஒரு தழும்பு.

"என்னடா அது?"

"கொழுப்புக் கட்டிக்கா. எடுத்துட்டாங்க."

"முதுகெலும்பு மேலயா வந்து உக்காந்துச்சு?"

பாட்டிலைக் கீழே வைத்தான். அப்புறம்தான் வாயைத் திறந்தான். டிஸ்க் நழுவியிருக்கிறது. கம்பெனி இன்ஷூரன்ஸைத் தொடாமல், வேறு ஊரில் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறான். அவனும் அவன் மனைவியும் சேர்ந்து எங்கள் எல்லோருக்கும் சுற்றுலா என்று காதில் பூச் சுற்றியிருக்கிறார்கள். முதுகு வலி போய்விட்டது. காலுக்குள் ஓடும் வலி போகவில்லை. பெருவிரல் மரத்துப்போகிறது. அதற்கு ராத்திரி ஒரு நரம்பு மாத்திரை. அதை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.

"அதைச் சாப்பிட்டா தூக்கம் வராதா?"

"ராத்திரிதானேக்கா. காலைல தெளிஞ்சிடும்."

"தெளிஞ்சிடும்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கே தெரியும்ல."

இந்த இடத்தில்தான் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. தெளிவாக இருக்கிறேனா என்று அவன் கேட்டுப் பார்ப்பதும் அந்த மாத்திரை போய்ச் சேர்ந்த மூளையிடம்தானே?

அடுத்த வாரம் அவனுக்கு மெடிக்கல். விமானிகளைச் சோதிப்பதற்கென்றே இருக்கும் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் தொடர்ந்து ஓட்ட முடியும். அதற்குச் சில நாள் முன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவானாம். 'அறுவை சிகிச்சை உண்டா? மருந்து உண்டா?' என்றால் இல்லை, இல்லை என்பானாம்.

"சொன்னா என்னை உக்கார வெச்சிடுவாங்கக்கா. பறக்கறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

இது உண்மை. சின்ன வயதிலிருந்தே அவன் தரையில் இருக்கும்போது மக்காகத்தான் இருப்பான். அதைச் சொல்லி அவனைக் கேலி செய்தேன்.

3

வேறொருத்தி என்றால் தூக்கம் வராமல் புரண்டிருப்பாள். நான் கதை எழுத உட்கார்ந்தேன். (இதையும் நீங்கள் சந்தேகப்படலாம். தம்பிக்காகக் கவலைப்பட்டேனா, கதை கிடைத்ததென்று சந்தோஷப்பட்டேனா? இரண்டும்தான்.)

யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதென்று தழும்பை முதுகிலிருந்து முழங்காலுக்கு மாற்றினேன். தகவல் சரியாக இருக்க வேண்டுமே என்று, விமானிகளைச் சோதிக்கும் டாக்டர் ஒருவரைத் தேடிப் போனேன். தம்பி போகும் டாக்டர் அல்ல. அவ்வளவு எச்சரிக்கை எனக்கும் உண்டு. சுவரில் கண் பரிசோதனை அட்டை, மூலையில் எடை பார்க்கும் எந்திரம், மேஜையில் ஆறிப்போன டீ. பெரிய மீசைக்காரர்.

"ஒரு கதை எழுதறேன் டாக்டர். அதுல ஒரு விமானி முழங்கால் ஆபரேஷனை மறைக்கிறாரு."

"எதுக்குங்க மறைக்கணும்? ஆறிட்டா, வலி மாத்திரையை விட்டுட்டா, மடக்கி நீட்டிக் காமிச்சா போதும். உங்க கதை நிக்காதே."

எனக்குச் சுருக்கென்றது. கதை நிற்காது என்று ஒரு டாக்டரா சொல்வது?

"அப்ப பித்தப்பை?"

"எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சு. ஆறினதும் பாத்துட்டு அனுப்பிடுவோம்."

"ரத்தக்கொதிப்பு மாத்திரை?"

"எத்தனையோ பேர் சாப்பிட்டுக்கிட்டே ஓட்டறாங்க. எங்ககிட்ட சொல்லிட்டு. சளி மாத்திரை போட்டுக்கிட்டு அரைத் தூக்கத்துல விமானம் ஏறறவங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பயம். என்ன மாத்திரைங்கறதோட, அது எதுக்குங்கறதையும் நாங்க கேப்போம்."

"சரி, முதுகுன்னா?"

அவர் டீயை எடுக்கப் போனவர் எடுக்கவில்லை.

"முதுகுன்னா, கால் மரத்துப்போகுதா?"

"பெருவிரல் மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. எந்தக் கதாசிரியருக்குக் கற்பனையில் பெருவிரல் மட்டும் மரத்துப்போகும்?

"கதாபாத்திரத்தோட பெருவிரலா?" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு. "விமானத்துல பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமாம்மா? கால் பெடலோட மேல்பக்கம். விரலாலதான் அழுத்தணும்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"இப்பவும் ஓட்டிக்கிட்டிருக்காரா உங்க கதாபாத்திரம்?"

"அதை... இன்னும் எழுதலை டாக்டர்."

"எழுதறதுக்குள்ள நிறுத்தச் சொல்லுங்க. ஓட்டறதை. மரத்துப்போறதுக்கு நரம்பு மாத்திரை ஏதாவது சாப்பிடறாருன்னா, அதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது, வலிப்பு வந்தாலும் வரும். அவரா வந்து சொன்னா, கொஞ்ச மாசம் தரையில உக்கார வைப்போம். கால்ல பலம் வருதா, மாத்திரை இல்லாம இருக்க முடியுதான்னு பாப்போம். திரும்பவும் பறந்தவங்க இருக்காங்க. நாங்களா கண்டுபிடிச்சோம்னா முதுகைப் பத்தின பேச்சே இருக்காது. பொய் சொன்னாரா இல்லையாங்கறதுதான் பேச்சு."

கிளம்பும்போது தன் எண்ணைக் கொடுத்தார். "உங்க கதாபாத்திரம் எப்ப வேணா கூப்பிடலாம்," என்றார்.

4

இதுவரை எழுதியதைத் தம்பியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான்; உட்கார்ந்தால் அவனுக்குக் கால் இழுக்கிறது.

"இந்த டாக்டர் கற்பனையா?"

"ஆமாடா."

"பொய் சொல்றப்ப கண்ணாடியைத் தொடைப்பக்கா நீ. கதையிலயே எழுதியிருக்க."

கையைப் பார்த்தேன். கண்ணாடி கையில்தான் இருந்தது.

"என் பேரைச் சொன்னியா?"

"சொல்லலை. சத்தியமா சொல்லலை. அவர் சொன்னதைப் படிச்சல்ல? நீயா போனா திரும்பப் பறக்கலாம்டா."

"பறக்கலாம்னு எழுத உனக்குச் சுலபம். எத்தனை மாசம்? யாரு உறுதி குடுப்பா? இப்ப நல்லாத்தான் ஓட்டறேன். ஒரு தடவைகூடத் தப்பு பண்ணலை."

"பண்ணினா உனக்குத் தெரியுமா?"

தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சனிக்கிழமை என் பொண்ணு வர்றா. மாமா ஓட்டற ஃப்ளைட்லதான் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னு டிக்கெட் எடுத்திருக்கா. தெரியும்ல?"

தாள்களை மடித்து மேஜையில் வைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவளை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லேன்," என்றான்.

"ஏன்?"

"சும்மாதான். சொல்லேன்."

அவன் போய்விட்டான். இந்தத் தடவை சாவி விழவில்லை. நான் வெகுநேரம் அழுதேன்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: தம்பி அந்த டாக்டரைக் கூப்பிடுகிறான். சில மாதம் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறான். பிறகு ஒரு நாள் சீருடையில் வந்து, கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்கிறான். [அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

இன்னொன்று: மறைக்கிறான், ஒன்றும் ஆகவில்லை, நான்தான் பயந்தாங்கொள்ளி என்று காலமெல்லாம் கேலி செய்கிறான். [இப்படியும் நடக்கும். நடக்கும் என்பதுதான் பயம்.]

மூன்றாவது: சனிக்கிழமை, மழை, ஈரமான ஓடுபாதை, அவன் வலது கால்— [இதை எழுத மாட்டேன். கேட்காதீர்கள்.]

இன்று வெள்ளிக்கிழமை. தம்பி என் அழைப்பை எடுக்கவில்லை. அவன் மனைவி எடுத்து, "தூங்கறார் அண்ணி, காலைல ஃப்ளைட்," என்றாள். டாக்டரின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. பெயர் மட்டும்தான் நான் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் 'தானாக' வந்தவன் ஆக மாட்டான். ஒருவேளை இனி எப்போதும் பறக்கவும் மாட்டான்; என்னோடு பேசவும் மாட்டான்.

ஒன்றை மட்டும் செய்துவிட்டேன். மகளிடம் ஏதோ சாக்குச் சொல்லி டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வைத்துவிட்டேன். அவளுடைய ஜன்னலோர இருக்கை உடனே வேறு யாருக்கோ போய்விட்டதாம்.

அந்த யாரோ நீங்களாக இருக்கலாம். அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன். டாக்டரைக் கூப்பிடட்டுமா, வேண்டாமா? அந்த இருக்கையில் இருந்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அவன் உங்கள் தம்பியாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.