கீழே விழுந்த பிளக்

ஸ்பார்க் பிளக்கைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று 1994 மே மாதம் வரைக்கும் ஆராவமுதன் நம்பிக்கொண்டிருந்தார். பெங்களூரில் பிளக் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் விரிசல் விழுந்தால் மின்சாரம் அந்த வழியே கசிந்துவிடும், பொறி பறக்காது என்று கல்யாணப் பந்தியில்கூட விளக்குவார். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் காத்திராமல் எழுந்து போய்விடுவார்.

அந்த மே மாதம் அவருடைய ஸ்கூட்டர் படுத்த ஆரம்பித்தது. அல்சூர் மேட்டில் இருமும். காக்ஸ் டவுன் வந்ததும் அணைந்துவிடும். பெட்ரோலில் கலப்படம் என்றார். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றி மாட்டினார். மூன்றாம் தடவை ஒரு திருகு மிஞ்சியது. மனைவி கோமளம் பஸ்ஸில் போகத் தொடங்கினாள். பிளக்கை மாற்றிப் பார்க்கலாமே என்று மெக்கானிக் ஓஸ்வால்ட் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது.

"அது எங்க கம்பெனி பிளக், ஓஸ்வால்ட். நான் பாத்தது."

ஒரு வெள்ளிக்கிழமை, வியர்க்க விறுவிறுக்க ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வேலைக்கு வந்து சேர்ந்தார். வாசலில் நின்றிருந்த பீங்கான் சோதனைப் பிரிவின் எல்லம்மா கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"சும்னே கார்புரேட்டர நோண்டாதீங்க சார். பிளக்க கழட்டிக் குடுங்க."

எல்லம்மா அதை வாங்கித் துடைத்து, சிவப்புச் சாயத்தில் முக்கிக் கழுவி எடுத்தார். பீங்கானில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு தங்கியிருந்தது.

"இது கீழ விழுந்த பிளக்கு சார். யாரு போட்டது?"

பார்வையாளர்களுக்குப் பிளக்கின் உறுதியை விளக்கும்போது ஆராவமுதனே கைதவறிப் போட்டது அது. விழுந்த எதையும் உடைத்துக் கழித்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட விதி. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஸ்கூட்டரில் மாட்டியதும் அவர்தான். ஒரு பொய்யைத் தேடிப் பார்த்தார். அவசரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"நான்தாம்மா."

எல்லம்மா சிரித்திருந்தால்கூடத் தேவலை. விழுந்த பீங்கானைத் தட்டில் திருப்பி வைத்ததற்காகப் போன வருஷம் அவருக்கு மெமோ கொடுத்தவர் ஆராவமுதன்.

"அப்ப உங்களுக்கு யாரு சார் மெமோ குடுப்பாங்க?"

சாயங்காலத்துக்குள் தன் பெயருக்கே ஒரு மெமோவை, எல்லாரும் படிக்கட்டும் என்று கன்னடத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பிரிவுப் பலகையில் ஒட்டினார். மொத்த ஷிப்டும் கூடி நின்று படித்தது. எல்லம்மா படித்துவிட்டு, இரண்டு எழுத்துப் பிழை இருப்பதாகச் சொன்னார். திருத்தி எழுதி மறுபடி ஒட்டினார் ஆராவமுதன்.