கட்டுச்சோற்றுக்கு முதல் நாள்

கண்ணாடிக்கு வெளியே ஆளுயர நீலப் பிரஷ் சுழன்று சுழன்று நெருங்கி வந்தபோது, கருப்புசாமி தன்னையறியாமல் காலைத் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். சோப்பு நுரை நாலு பக்கமும் வழிந்து வண்டிக்குள் இருட்டானது. தலைக்கு மேல் ஒன்று உருண்டது, இரண்டு பக்கமும் இரண்டு தப்தப்பென்று அடித்தன. வாய்க்காலில் எருமையையும் டிராக்டரையும் வைக்கோல் போட்டுத் தேய்த்தே பழகிய மனிதர், வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தார். கேட்கிறவர்கள் அவரைப் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்ற சந்தோஷம்தான் அப்படிச் சிரித்தது.

மறுநாள் மௌனிகாவுக்குக் கட்டுச்சோறு. பெண் வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டில் பரிமாறிவிட்டு, மாசமாக இருக்கும் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். ஏற்பாடுகளைப் பார்க்கக் கருப்புசாமி முதல் நாளே கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மகளைக் கொடுத்திருந்த பாலக்காட்டுச் சித்தூருக்கு வந்திருந்தார். மருமகன் நவீன்குமார் லேசில் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரி இங்கேதான் பக்கம் என்றான், அங்கே கொசு என்றான். மூன்று முறை வந்து கேட்டபிறகுதான் தலையாட்டினான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மௌனிகா பிறந்த வீட்டில் ஓர் இரவுகூட முழுசாகத் தங்கியதில்லை. போனில் எப்போதும் “நல்லாருக்கறம்ப்பா” என்று மட்டும் சொல்வாள். அன்று மத்தியானம் சோறு போடக் குனிந்தவள், கரண்டிச் சத்தத்தோடு சத்தமாக, “அப்பா, நாளைக்கு எப்படியாச்சும் என்னயக் கூட்டீட்டுப் போயிருங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க” என்றாள். அவர் கேட்கவில்லை.

சாப்பிட்டு எழுந்தபோதுதான் வாழையிலை பற்றாது என்று தெரிந்தது. நவீன்குமார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போக பஸ் நாலு மணிக்குத்தான். மௌனிகா பீரோவைச் சத்தமில்லாமல் திறந்து கார் சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள். “அவுங்க எந்திரிக்கறதுக்குள்ள வந்துருங்கப்பா.”

அந்தக் கறுப்பு வண்டி கல்யாணத்துக்குக் கருப்புசாமியே வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் அன்றுதான் முதல்முறையாக ஓட்டுகிறார். இலைக்கட்டை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண்பாதையில் திரும்பியதில் வண்டி முழுக்கப் புழுதி. பானெட்டின் மேல் காக்காய் எச்சம். இப்படியே கொண்டுபோய் நிறுத்தினால் வெளியே எடுத்தது தெரிந்துவிடும். நாளைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்க்கப்போகிற வண்டி வேறு. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் தானே முதுகு ஒடிய வண்டி கழுவுவதை அவர் பார்த்திருக்கிறார், சிக்கனக்காரப் பையன் என்று ஊரில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டு, சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி என்று அவன் கழுவுவது எதற்கென்று யோசித்ததில்லை.

பாலக்காட்டு ரோட்டில் புதிதாக வந்திருந்த கார் கழுவும் மிஷினில் அவருக்கு முன்னால் கல்குவாரி ஜீப் ஒன்று கழுவப்பட்டு வெளியே வந்தது. அங்கே வேலை பார்த்த ஜோஸ் பீர்மேட்டுக்காரன். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “ஐயா, கறுப்பு வண்டில்லா? இப்பதான் குவாரி ஜீப்பு போயிருக்கு, பிரஷ்ல மணலு நிக்கும். கையால கழுவித் தாரேன். ஒரு மணி நேரம் இருப்பீயளா?” என்றான்.

கருப்புசாமி மணி பார்த்தார். அவுங்க எந்திரிக்கறதுக்குள்ள.

“நேரமில்லீங் தம்பி. மிஷின்லயே உடுங்க.”

வண்டி எண்ணெய் தேய்த்துக் குளித்த குதிரைபோலப் பளபளவென்று வந்தது. வீட்டு வாசலில் நவீன்குமார் நின்றுகொண்டிருந்தான். அவர் சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “கழுவிப்போட்டீங்களாட்ட இருக்குதுங் மாமா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான். நல்ல பையன், நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று கருப்புசாமி இலைக்கட்டை இறக்கி வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

“மாமா, இங்க வாங்க. கொஞ்சம் குனிங்க.”

செல்போன் விளக்கைக் கதவில் அடித்தான். கருப்புசாமி குனிந்தார்.

“தெரியுதுங்களா?”

“கண்ணு அத்தனை நல்லாத் தெரியறதில்லீங் மாப்பிள்ளை.”

“கண்ணாடி போட்டுக்கங்க. நான் நிக்கறேன். அவசரமில்லீங்.”

கண்ணாடி போட்டதும் தெரிந்தது. வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல மெல்லிய கீறல்கள், பிரஷ் சுற்றிய வாக்கில் வட்டம் வட்டமாக. அவன் விளக்கை நகர்த்தினான், வலையும் கூடவே நகர்ந்தது. பானெட், கூரை, பின்கதவு என்று ஒவ்வோர் இடமாக நடத்திக்கொண்டு போனான். எல்லா இடத்திலும் அவரைக் குனிய வைத்தான், எல்லா இடத்திலும் “தெரியுதுங்” என்று அவர் வாயால் சொல்ல வைத்தான். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. அவன் அம்மா நாச்சம்மாள் படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். “ஏனுங்ண்ணா, தோட்டத்துல எருமையக் கழுவுன நெனப்புல கழுவீட்டீங்களாட்ட?” என்று சிரித்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு மௌனிகா வெளியே வந்தாள்.

“சாவி யாரு குடுத்தது?” நவீன்குமார் பொதுவாகக் கேட்டான்.

மௌனிகா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்க்காமல், “எனக்குத் தெரியாதுங். யாரக் கேட்டுப்பா எடுத்தீங்க? உங்களுக்கு எதுக்கு இந்த வேல?” என்றாள்.

அந்தச் சொல் கருப்புசாமிக்கு எங்கே பட்டதோ தெரியாது. அவர் உடனே, “அவளுக்குத் தெரியாதுங். ஆணியில தொங்கீட்டிருந்துச்சு, நானே எடுத்தனுங்” என்றார்.

நவீன்குமார் சிரித்தான். அன்று முழுக்க அப்போதுதான் சிரித்தான்.

“நம்ம ஊட்ல சாவி மாட்ட ஆணியே இல்லீங் மாமா.”

நாச்சம்மாள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். மௌனிகா மெல்லச் சுவரோரம் நகர்ந்து சாய்ந்துகொண்டாள். பெற்ற பெண் ஓர் ஆளைப் பார்த்து அப்படி நகர்வதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்காதீங்க என்றாளே, அது இப்போது கேட்காமலே விளங்கியது.

“ஒரு மணி நேரம் ஒரு வண்டியப் பாத்துக்கத் தெரியல உங்களுக்கு. என்ற கொழந்தைய மூணு மாசம் எப்படிங் நம்பி அனுப்பறது? நாளைக்கு எல்லாரும் வரட்டும். சோறு போடுங்க, சாப்பிடலாம். இவ இங்கயே இருக்கட்டும்.”

“மாப்பிள்ளை, தப்பு என்னுதுங். அவ என்ன பண்ணுவா? உங்க கால்ல வேணும்னாலும்…”

“அதெல்லாம் வேண்டாமுங். வண்டிக்குப் பக்கத்துல உழுந்தீங்கன்னா பட்டன் கிட்டன் கீறிப்போடும்.”

மறுநாள் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் இலையில் விழுந்தன. டாக்டரம்மா பயணம் கூடாதென்று சொல்லிவிட்டதாக நாச்சம்மாள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், பாயசம் இன்னொரு கரண்டி கேட்டார்கள். ஒரு பங்காளி கறுப்பு வண்டியின் கதவில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டு, “மாப்பிள்ளை வண்டிய என்னமாப் பளபளன்னு வெச்சிருக்கறாருங்!” என்றார்.

கிளம்பும்போது மௌனிகா வேன் ஜன்னலருகே வந்தாள். கை நிறைய வளையல் போட்டிருந்தாள். கருப்புசாமி மகளுடைய கையைப் பிடிக்கப் பார்த்தார். அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

“எனக்காக இனி ஒண்ணும் பண்ணாதீங்கப்பா. வரவும் வேண்டாம்.”

வேன் நகர்ந்தது. அவளுக்கென்று முன்னிருக்கையில் போர்வையை நாலாக மடித்து விரித்து, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்திருந்தார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. கருப்புசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரோடு வளைகிற இடத்தில் தலையணை மெல்லச் சரிந்தது. அவர் உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்து நிறுத்தினார். சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டில் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் வருகிறீர்கள் என்று கேட்கத்தான், மகளை வரவேற்க வீட்டிலேயே நின்றுவிட்ட மௌனிகாவின் அம்மா கூப்பிடுகிறாள். அடித்து நின்றது, மறுபடி அடித்தது. அடுத்த வளைவு வந்தது. அவர் தலையணையிலிருந்து கையை எடுக்கவில்லை.