மூன்று பள்ளிகளின் கதவுகள்

முதல் பள்ளியின் டீச்சர் ஊஞ்சலைக் காட்டிக்கொண்டிருந்தபோது, மகளைச் சேர்க்க வந்திருந்த அவள் சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவுச் சுவர். பின்பக்கம் இடிந்து, ஆள் நுழையும் அகலத்துக்கு வழி விட்டிருந்தது. டீச்சர் தங்கமானவளாகத் தெரிந்தாள். மூன்று வயது மகள் ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"சேத்துடலாமாம்மா?"

"இன்னும் ரெண்டு இடம் பாக்கணும் டீச்சர்" என்று குழந்தையைப் பிய்த்தெடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தச் சின்ன ஊரில் அரசு பாலர் பள்ளிகள் மொத்தமே மூன்று. மற்ற அம்மாக்கள் பால் தருவார்களா, கழிப்பறை சுத்தமா என்று விசாரித்தார்கள். வெல்டிங் பட்டறையில் ஏழு வருடம் கேட் செய்தவளுக்குக் கண் வேறு இடத்துக்குப் போயிற்று. இரண்டாவது பள்ளியின் கேட் புத்தம்புதிது, பளபளவென்று இருந்தது. கிட்டே போய்க் கீலைத் தடவினாள். பேருக்குப் பற்றவைத்திருந்தார்கள். ஓர் உதை தாங்காது.

புருஷன் உதையின் கனம் அவளுக்குத் தெரியும். போன வாரம் வீட்டுக் கதவு மூன்றாவது உதையில் விழுந்தது. நாலாவது உதை அவள் விலாவில். குழந்தையோடு அக்கா வீட்டுக்கு வந்தவளுக்கு அவன் ஒரே ஒரு சேதி சொல்லியனுப்பினான்: "பிள்ளையத் தூக்கிட்டா நீ தானா ஓடி வருவே."

மூன்றாவது பள்ளியில் பெயிண்ட் உதிர்ந்துகொண்டிருந்தது. விளையாட நாலு பழைய டயர். ஆனால் சுவர் ஆள் உயரம், கேட் கனத்த தகடு, தாழ்ப்பாள் உள்பக்கம். தாட்டியான ஆயா ஒருத்தி நோட்டைப் பிரித்தாள்.

"கூட்டிட்டுப் போக யார் வருவா?"

"நான். இல்லேன்னா எங்க அக்கா."

"அப்பா?"

"விடக்கூடாது."

ஆயா அவள் கன்னத்தில் மஞ்சள் பூத்திருந்த காயத்தைப் பார்த்தாள். அப்பாவை விடக்கூடாது என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

டீச்சர் மகளை வகுப்புக்குள் கூட்டிப்போனாள். அவளை வெளியே விட ஆயா தாழ்ப்பாளை விலக்கிக் கேட்டை உள்பக்கமாக இழுத்தாள். அவன் வெளியே நின்றிருந்தான். காலையிலிருந்து பின்னாலேயே வந்திருக்கிறான்.

முதல் குத்து அவள் மூக்கில் விழுந்தது. அவள் மல்லாந்து உள்ளே விழுந்தாள். தொண்டைக்குள் ரத்தம் இறங்கியது. ஆயா சட்டென்று கேட்டைத் தள்ளினாள். சாத்துவதற்குள் அவன் கையை நுழைத்து ஆயாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தகட்டில் மோதினான். ஒருமுறை. இன்னொருமுறை.

அவள் எழுந்தாள். பட்டறையில் இரும்பு தூக்கிய தோளைக் கேட்டில் கொடுத்தாள். ஆயாவும் சேர்ந்து தள்ளினாள். அவன் முழங்கைக்குக் கீழே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. விரல்கள் முடியை விட்டன.

"விடுடி" என்று அலறினான். பிறகு, "விட்டுடு. போயிடறேன். சத்தியமா போயிடறேன்."

'விட்டுடு' என்ற அந்தச் சொல்லை அவள் எத்தனையோ நாள் தரையில் கிடந்து சொல்லியிருக்கிறாள். அவன் விட்டதில்லை. காலை ஊன்றி இன்னும் அழுத்தினாள்.

நெற்றி பிளந்திருந்த ஆயா தள்ளுவதை நிறுத்திவிட்டு அவள் தோளைத் தொட்டாள். "போதும்மா. கை போயிடுச்சு அவனுக்கு. விடு."

அவள் விடவில்லை. வெளியே சத்தம் முனகலாகத் தேய்ந்தது. ஆயா இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள்.

அப்போதுதான் வகுப்பு ஜன்னல் கண்ணில் பட்டது. சத்தம் கேட்டு அழுத பிள்ளைகளை டீச்சர் வரிசையாக உட்கார வைத்து, வாயில் விரல் வைக்கச் சொல்லியிருந்தாள். வரிசையின் கடைசியில் மகள். உதட்டில் விரலை அழுத்திக்கொண்டு, கண் இமைக்காமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.