வாசல் முனைச் சுவர்

அமெரிக்காவில் எங்கள் பஃபலோ ஊரில் பனி பெய்தால் யாரும் ரசிக்கமாட்டோம், திட்டுவோம். அன்று காலை நான் பனியைத் திட்டவில்லை. என் புருஷன் காசிமிரைத் திட்டினேன்.

போன மார்ச்சில் அவருக்கு மாரடைப்பு வந்தது. பனி அள்ளும் ஷவலைத் தொடவே கூடாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பனியை அள்ளி வீசும் பெரிய பெட்ரோல் மெஷின் வைத்திருப்பவர் தன் வாசலை முடித்த கையோடு அக்கம்பக்கத்து வீட்டு வாசல் தெருவில் சேரும் முனையையும் திறந்துவிடுவார். நாம் ஒரு தட்டு பியரோகிக் கொழுக்கட்டை கொடுத்தனுப்புவோம், அவ்வளவுதான். எங்களுக்கு எதிர்வீட்டு வெர்னன் செய்துவந்தான். இதில் மானம் போக என்ன இருக்கிறது? மாரடைப்புக்குப் பிறகு இவருக்குப் போய்விட்டதாம்! சின்ன மின்சார மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். நேரே தெருவைத் தாண்டிப் போய், "இனிமே எங்க வாசலை நீ தொட வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டும் வந்தார்.

மெஷினை நான் குறை சொல்லமாட்டேன். நானே ஒரு கையால் தூக்கலாம். நாற்றம் இல்லை, சத்தமும் குறைவு. நான்கு விரல் உயரப் புதுப்பனியை மாவு தூவுகிற மாதிரி வீசிவிடும். வாசற்படிக்கும் நடைபாதைக்கும் அது தாராளம். ஆனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, பனி ஏற ஏற ஓட்டவேண்டும்.

ஏரிப்பக்கமிருந்து பெரும்பனி வந்த அன்று அதைத்தான் சொன்னேன்.

"இப்பவே ஒரு தடவை ஓட்டிடு, காஸ்."

"பனி தள்ளுற நகராட்சி லாரி போகாம எவனாவது வாசலைச் சுத்தம் பண்ணுவானா? அது திரும்பத் தள்ளி மூடிட்டுப் போயிடும். எல்லாம் நின்னப்புறம் ஒரேடியா முடிக்கலாம்."

இங்கே பிறந்தவர்கள் எல்லாரும் சொல்வது இது. பெரிய மெஷினுக்குச் சரிதான், இந்தப் பொம்மைக்கு எப்படிச் சரியாகும்?

"அப்ப குடு, நான் ஓட்டறேன்."

குழந்தை மாதிரி பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டினேன்.

காலையில் லாரி போயிருந்தது. வாசல் முனையில் இடுப்பளவு சுவர். ரோட்டுச் சேறும் ஐஸ்கட்டியும் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. சமையலறை ஜன்னலில் பார்க்கிறேன், மெஷின் அதில் மூக்கை வைத்தது, மேலே ஏறியது, நின்றது. மறுபடியும் அதே. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, நான் ஒளித்து வைத்திருந்த ஷவலைக் கையில் எடுத்தார் இந்த மனுஷர். எதிரே வெர்னன் தன் மெஷினோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொன்னவர் வாசலில் அவன் எப்படிக் கை வைப்பான்?

இரவு உடையிலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினேன். சுவர் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"எந்திரி ஹலினா. பைத்தியமா உனக்கு?"

"அள்ளு. என்னையும் சேத்து அள்ளு. உன் வீரத்தைப் பாத்துடலாம்!"

"தெருவே பாக்குது."

"பாக்கட்டும்! நீ சுருண்டு விழுந்தா இன்னும் நல்லாப் பாப்பாங்க!"

அவர் ஷவலை ஊன்றிச் சாய்ந்தார். அப்போதுதான் முகத்தைக் கவனித்தேன். சாம்பல் பூத்திருந்தது. நெற்றியில் வியர்வை, அந்தக் குளிரில்.

"வலிக்குதா?"

"விடியக்காலையில இருந்தே."

"அடப்பாவி மனுஷா! என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவே. ஆஸ்பத்திரிக்கு வண்டி போக வழி வேணுமேன்னுதான் அள்ளினேன்."

ஷவலைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். "வெர்னன்!" என்று நான் கத்திய கத்தலுக்கு அவன் மெஷின் தெருவின் குறுக்கே பாய்ந்து வந்தது.

"தள்ளுங்க ஹலினா, உங்களையும் சேத்து வீசிடப் போறேன்" என்றான். நான் காசிமிரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காரில் உட்காரவைப்பதற்குள் சுவர் உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரி வரை அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். முட்டாள் என்றேன், பிடிவாதக்காரன் என்றேன், அவர் அம்மாவையும் விடவில்லை. ஒவ்வொரு வசவுக்கும் அவர் "ம்" என்றார். நான் நிறுத்தினால் அந்த "ம்" நின்றுவிடுமோ என்று வாயே மூடவில்லை.